ஒரு சாஃப்ட்வேர்ல பண்ணுன எஞ்சின் டியூனை இன்னொரு சாஃப்ட்வேருக்கு மாத்தறது எப்படி: சுபாருவை வெச்சு ஒரு விளக்கம்

டியூன்னா எஞ்சினை ஓட்டற கம்ப்யூட்டர்ல, அதாவது ஈசியூல, மாத்தி எழுதற நம்பர்கள்; அதை எழுதறதுக்கு சாஃப்ட்வேர் பல இருக்கு. அக்செஸ்போர்ட்ல ஓடிட்டிருக்கற டியூனை எடுத்து ஈசியூஃப்ளாஷ் வழியா போட்டுக்கலாமா, எச்பி டியூனர்ஸ்ல சேவ் பண்ணுன ஃபைலை ஈஎஃப்ஐலைவ்ல திறக்கலாமா? கார் டியூனிங் பக்கம் புதுசா வர்றவங்க சீக்கிரமே இந்தக் கேள்விக்கு வந்து நிப்பாங்க. வண்டி வாங்கும்போதே பழைய ஓனர் ஏதோ ஒண்ணுல டியூன் பண்ணி வெச்சிருப்பாரு, இல்ல நம்ம டியூனர் வேற சாஃப்ட்வேருக்கு மாறியிருப்பாரு, இல்ல லைசென்ஸ் காசாவது மிச்சமாகட்டும்னு ஓப்பன் சோர்ஸ் பக்கம் போகத் தோணும். ஃபைலை அப்படியே தூக்கி மாத்த முடியாது, ஆனா அதுக்குள்ள இருக்கற நம்பர்கள்ல பெரும்பகுதியை மாத்தலாம், எந்த நம்பர் எங்க போய் உக்காரணும்னு புரிஞ்சுக்கிட்டு பொறுமையா பண்ணுனா. புரியாம பண்ணுனா பிஸ்டன் போயிடும். இது சும்மா பயமுறுத்தறதுக்கு சொல்றது கிடையாது, சுபாருவோட ஈஜே25 டர்போ எஞ்சின்ல பிஸ்டன் ரிங்லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவுல இருக்கற மெல்லிய விளிம்பு) உடையறது எவ்வளவு சகஜம்னு அந்த வண்டி வெச்சிருக்கற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

அதனால சுபாருவையே உதாரணமா எடுத்துக்கறேன். அமெரிக்காவுல 2004 மாடல்ல இருந்து வித்த இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐயை டியூன் பண்ண முக்கியமா ரெண்டு உலகம் இருக்கு. ஒண்ணு கோப் கம்பெனியோட அக்செஸ்போர்ட்ங்கற கையடக்கக் கருவி, அதுக்கான டேபிள்களை திருத்தறதுக்கு அக்செஸ்டியூனர்ங்கற சாஃப்ட்வேர். இன்னொண்ணு ஓப்பன் சோர்ஸ்னு எல்லாரும் சொல்ற வழி: டாக்ட்ரிக்ஸ் ஓப்பன்போர்ட் 2.0 கேபிள், ஈசியூவுல எழுதறதுக்கு ஈசியூஃப்ளாஷ், டேபிள் திருத்தவும் லாக் (வண்டி ஓடும்போது ஈசியூ காட்டற நம்பர்களோட பதிவு) எடுக்கவும் ரோம்ரெய்டர். ஈசியூடெக்னு மூணாவதும் உண்டு, அதுவும் லைசென்ஸ் போட்டு பூட்டி வெச்ச வகைதான். கார் ஒண்ணு, ஈசியூ ஒண்ணு, எல்லாம் அதே டென்சோ ஈசியூவுலதான் எழுதுது, அப்புறம் ஏன் இதுல பண்ணுனது அதுல திறக்க மாட்டேங்குதுன்னு கேட்டா, டியூன்னு நாம சொல்றது உண்மையில என்னன்னு முதல்ல பாக்கணும்.

ஈசியூக்குள்ள ஒரு ஃப்ளாஷ் மெமரி இருக்கு. சுபாருவோட 32 பிட் ஈசியூல முதல்ல வந்ததுல எஸ்எச்7055 ப்ராசஸர், மெமரி 512 கேபி, அப்புறம் வந்ததுல எஸ்எச்7058, மெமரி 1 எம்பி. இந்த மெமரியோட முழு நகலைத்தான் ரோம்னு சொல்றோம். அதுல ஒரு பகுதி ப்ரோக்ராம், சென்சாரைப் படிச்சு கணக்குப் போட்டு இன்ஜெக்டரைத் திறக்கற கோடு. இன்னொரு பகுதி அந்த ப்ரோக்ராம் எடுத்துப் பாக்கற நம்பர்கள், அதாவது ஸ்பார்க் எப்போ குடுக்கணுங்கற இக்னிஷன் டைமிங் டேபிள், ஃப்யூயல் டேபிள், பூஸ்ட் (டர்போ குடுக்கற காத்தழுத்தம்) டார்கெட், உள்ள போற காத்தை அளக்கற மாஃப் சென்சாரோட ஸ்கேலிங், இன்ஜெக்டர் ஸ்கேலிங், இப்படி நூத்துக்கணக்குல. டியூனர் உக்காந்து மாத்தறது பெரும்பாலும் இந்த நம்பர்களைத்தான்.

இதுல ஒரு சிக்கல், ரோம்ல டேபிளுக்குப் பேரும் கிடையாது, யூனிட்டும் கிடையாது, தலைப்பே போடாத கணக்கு நோட்டு மாதிரி வெறும் நம்பரா பக்கம் பக்கமா ஓடிட்டிருக்கும். எந்த முகவரியில எந்த டேபிள் ஆரம்பிக்குது, எத்தனை வரிசை எத்தனை காலம் (நெடுவரிசை), ஒரு நம்பருக்கு எத்தனை பைட், அதை மனுஷனுக்குப் புரியற யூனிட்டா மாத்த என்ன ஃபார்முலா, இதையெல்லாம் சொல்றது டெஃபினிஷன் ஃபைல். ரோம்ரெய்டர்லயும் ஈசியூஃப்ளாஷ்லயும் இது எக்ஸ்எம்எல் ஃபைலா வெளிப்படையா இருக்கும், திறந்து படிச்சுப் பாக்கலாம், டியூனர்ப்ரோங்கற சாஃப்ட்வேர்ல எக்ஸ்டிஎஃப்னு பேரு. கோப் மாதிரி கம்பெனிங்க அவங்க டெஃபினிஷனை சாஃப்ட்வேருக்குள்ளயே பூட்டி வெச்சிருப்பாங்க.

ஒரே ஒரு செல்லை கிட்டப் போய்ப் பாப்போம். பேஸ் டைமிங் டேபிள்ல ஒரு செல்லுல ரோம்ல இருக்கற பைட் 100னு வெச்சுக்கோங்க. ஓப்பன் சோர்ஸ் டெஃபினிஷன்ல இதுக்கான ஃபார்முலா, நம்பரை 0.3515625ஆல பெருக்கி 20 கழிக்கணும். 35.16ல 20 போனா 15.16 டிகிரி. இந்த 0.3515625 எங்கிருந்து வந்துச்சுன்னா 90 டிகிரியை 256ஆ வகுத்தது. ஆக ஒரு பைட்டுக்குள்ள மைனஸ் 20ல இருந்து கிட்டத்தட்ட 70 டிகிரி வரைக்கும் அடக்கியிருக்காங்க, ஒரு படிக்கு மூணுல ஒரு டிகிரிக்கு கொஞ்சம் மேல. நீங்க 15ன்னு டைப் பண்ணுனாலும் சாஃப்ட்வேர் அதை பக்கத்துல இருக்கற படிக்கு உருட்டித்தான் எழுதும், அதனால ஒரு சாஃப்ட்வேர்ல 15.2ன்னும் இன்னொண்ணுல 15.16ன்னும் தெரிஞ்சா பதற வேண்டாம், உள்ள இருக்கற பைட் ஒண்ணுதான்.

இதே மாதிரி ஓப்பன் லூப் (ஆக்ஸிஜன் சென்சாரைப் பாக்காம பெட்ரோல் ஊத்தற நேரம்) ஃப்யூயல் டேபிள்ல பைட் 40ன்னா, ஃபார்முலா 14.7ஐ (1 + 40 × 0.0078125)ஆல வகுக்கறது, 14.7 வகுத்தல் 1.3125, வர்றது 11.2 ஏர் ஃப்யூயல் ரேஷியோ. கவனிச்சுப் பாருங்க, ஈசியூக்கு 11.2ங்கறதே தெரியாது, ஸ்டாய்க்கை (காத்தும் பெட்ரோலும் மிச்சமில்லாம எரியற அளவு, இங்க 14.7) விட 1.3125 மடங்கு பெட்ரோல் ஊத்துங்கறது மட்டும்தான் தெரியும். 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஸ்டாய்க் 14.1 பக்கம் வரும், அப்போ உண்மையான ரேஷியோ 10.7 கிட்ட ஆயிடும், லேம்டாவுல (ரேஷியோவை ஸ்டாய்க்கால வகுத்தது) பாத்தா ரெண்டும் அதே 0.76தான். ரெண்டு சாஃப்ட்வேர்ல ஃப்யூயல் நம்பர் ஒத்துப்போகலைன்னா முதல்ல ரெண்டையும் லேம்டாவுக்கு மாத்திப் பாருங்க, பாதி குழப்பம் அங்கயே தீந்துடும்.

இப்போ ஃபைல் விஷயத்துக்கு வருவோம். ஈசியூஃப்ளாஷ் சேவ் பண்றது பச்சையான ரோம், எந்த ஹெக்ஸ் எடிட்டர்லயும் (ஃபைலை பைட் பைட்டா காட்டற சாஃப்ட்வேர்) திறக்கும். கோப்போட பிடிஎம் ஃபைல் அப்படி கிடையாது, அது என்கிரிப்ட் பண்ணுனது, அவங்க சாஃப்ட்வேரும் அக்செஸ்போர்ட்டும் தவிர வேற எதுவும் படிக்காது. அதுக்கு மேல டியூனர் பூட்டு போட்டிருந்தா அக்செஸ்டியூனர்லயே திறந்தாலும் டேபிள் காட்டாது, வண்டியில ஏத்த மட்டும்தான் முடியும். பேரை மாத்தி பிடிஎம்முக்கு பதிலா .binனு போட்டா திறக்குமான்னு கேக்கறவங்க இருக்காங்க, திறக்காது.

பூட்டை உடைக்கற வழி தேடாதீங்கன்னு இந்த இடத்துலயே சொல்லிடறேன். அது டியூனரோட உழைப்பு, நீங்க குடுத்த காசு அந்த வண்டிக்கான டியூனுக்குத்தான், அவரோட டேபிள்களுக்கு கிடையாது. சரியான வழி அவர்கிட்டயே போய் "நான் இந்த சாஃப்ட்வேருக்கு மாறப்போறேன், இதுல எனக்கு பண்ணித் தர முடியுமா"ன்னு கேக்கறது. ஏற்கனவே உங்க காரோட லாக், மாஃப் ஸ்கேலிங் எல்லாம் அவர்கிட்ட இருக்கறதால முதல் தடவை ஆன அளவு வேலை ஆகாது, பல பேரு குறைஞ்ச காசுக்கு பண்ணித் தருவாங்க. நீங்களே பண்ணுன டியூனா இருந்தாலோ, பூட்டு இல்லாம குடுத்த டியூனா இருந்தாலோ மேல படிங்க.

பேருங்கதான் புதுசா வர்றவங்களை அதிகமா கொழப்பும். ஈசியூக்குள்ள ஒரே ஒரு விஷயம், அதுக்கு ஒவ்வொரு சாஃப்ட்வேரும் ஒரு பேரு வெச்சிருக்கும். நாக் (சிலிண்டருக்குள்ள பெட்ரோல் கலவை தானாவே வெடிக்கறது) எவ்வளவு வருதுங்கறதைப் பொறுத்து டைமிங்கை எவ்வளவு நம்பிக் குடுக்கலாம்னு ஈசியூ வெச்சிருக்கற ஒரு பெருக்கல் எண் இருக்கு, ரோம்ரெய்டர்ல அதுக்கு ஐஏஎம், கோப்புல டேம். நாக் வந்த இடங்களைக் கத்துக்கிட்டு ஈசியூ டைமிங்குல பண்ற திருத்தம், ரோம்ரெய்டர்ல ஃபைன் லேர்னிங் நாக் கரெக்ஷன்னு இருக்கறது கோப்புல ஃபைன் நாக் லேர்ன். இதாவது பரவால்ல, பேரைப் பாத்தாலே ஓரளவு ஊகிச்சிடலாம். ஆனா பழைய 16 பிட் ஈசியூ வந்த டபிள்யூஆர்எக்ஸ்ல அந்த ஐஏஎம் 0ல இருந்து 16 வரைக்கும் ஓடும், 32 பிட்ல பொதுவா 0ல இருந்து 1 வரைக்கும். ஒருத்தர் "என் ஐஏஎம் 1"ன்னு சொன்னா வண்டி நல்லா இருக்கா இல்ல நாக் அடிச்சு சாகப்போகுதான்னு எந்த ஈசியூன்னு தெரியாம சொல்லவே முடியாது. அதனால பேரு ஒத்துப்போச்சுன்னு நின்னுடாதீங்க, ஸ்டாக் ரோமை (வண்டி கம்பெனியில இருந்து வந்தபடி, மாத்தாத ரோம்) ரெண்டு சாஃப்ட்வேர்லயும் திறந்து அதே டேபிளை பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஸ்டாக் நம்பர் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருந்தா டேபிளும் அதேதான் யூனிட்டும் அதேதான். பேரு வேற ஆனா நம்பர் எல்லாம் அதேன்னா அதுவும் அதே டேபிள்தான். என்னைக் கேட்டா இந்த வேலையில இதை விட உபயோகமான பழக்கம் கிடையாது.

பூஸ்ட்ல யூனிட் மாறுனா என்ன ஆகும்னு பாருங்க. டார்கெட் பூஸ்ட் டேபிள்ல ரோம்ல இருக்கறது பாதரச மில்லிமீட்டர்ல முழு அழுத்தம், அதாவது காத்தோட அழுத்தத்தையும் சேத்து. ஓப்பன் சோர்ஸ் டெஃபினிஷன் அதுல 760 கழிச்சு 0.01933677ஆல பெருக்கி பிஎஸ்ஐயா காட்டும், 760ங்கறது கடல் மட்டத்துல காத்தோட அழுத்தம். ரோம்ல 1700ன்னு இருந்தா 18.2 பிஎஸ்ஐ. இதே டேபிளை இன்னொரு டெஃபினிஷன் அப்சல்யூட்டா காட்டுனா அதே செல் 32.9ன்னு தெரியும். இப்போ இங்க இருந்து 18.2ஐ காப்பி பண்ணி அங்க ஒட்டுனா டார்கெட் வெறும் மூணரை பிஎஸ்ஐ ஆயிடும், வண்டி நகரவே யோசிக்கும், ஆனா ஒண்ணும் உடையாது. திருப்பி 32.9ஐ எடுத்து ரிலேட்டிவ் டேபிள்ல ஒட்டுனா ஸ்டாக் டர்போகிட்ட 33 பிஎஸ்ஐ கேக்கறீங்க. பூஸ்ட் கட் லிமிட்டை யாரும் தொடாம வெச்சிருந்தா அது காப்பாத்தும், அதையும் சேத்து மாத்தியிருந்தா அவ்வளவுதான். டென்வர் மாதிரி கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டர் மேல இருக்கற ஊர்ல காத்தோட அழுத்தமே சுமார் 12 பிஎஸ்ஐதான், அங்க கடல் மட்டத்தை வெச்சு காட்டற நம்பரும் டேஷ்போர்டுல ஒட்டியிருக்கற பூஸ்ட் கேஜும் சுமார் இரண்டரை பிஎஸ்ஐ வித்தியாசத்துல நிக்கும், ரெண்டுமே சரியான ரீடிங்தான்.

அடுத்தது ஆக்ஸிஸ். டேபிள் காப்பி பண்றவங்க நடுவுல இருக்கற நம்பரை மட்டும் பாப்பாங்க, மேலயும் பக்கத்துலயும் ஓடற ஆர்பிஎம்மையும் லோடையும் (எஞ்சின் ஒரு சுத்துக்கு இழுக்கற காத்தோட எடை) பாக்க மாட்டாங்க. உங்க பழைய ரோம்ல லோடு 1.60 கிராமுக்கு 18 டிகிரி, அடுத்த காலம் 2.00 கிராமுக்கு 14 டிகிரின்னு இருக்கு. புது ரோம்ல அதே இடத்துல காலம் 1.60, 1.80, 2.00ன்னு இருக்கு. வரிசையா ஒட்டுனா 1.80 காலத்துல 14 வந்து விழும், 2.00 காலத்துல அதுக்கு அடுத்த நம்பர் விழும், மொத்த டேபிளும் ஒரு காலம் நகந்துடும். 1.80க்கு வர வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல 16 டிகிரி. இங்க நகந்தது டைமிங் குறையற பக்கம், பவர் போகும் அவ்வளவுதான், ஆனா ஆக்ஸிஸ் எதிர்ப்பக்கம் வித்தியாசமா இருந்தா ஃபுல் பூஸ்ட்ல நாலு டிகிரி கூட வந்து உக்காரும், சாதா பம்ப் பெட்ரோல்ல அதை எஞ்சின் தாங்காது. ரெண்டு வழி இருக்கு: ஆக்ஸிஸையும் சேத்து காப்பி பண்றது, இல்ல ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு இடைப்பட்ட மதிப்பைக் கணக்குப் பண்ணி ஒட்டறது. டேபிளோட அளவே வேறயா இருந்தா ரெண்டாவது வழிதான், ஆக்ஸிஸையும் இஷ்டத்துக்கு நீட்ட முடியாது.

எல்லாத்தையும் விட ஆபத்தானது டைமிங் டேபிள்ல ஒளிஞ்சிருக்கு, அதனால இதுல கொஞ்சம் நிதானமா நிப்போம். சுபாரு ஈசியூ டைமிங்கை ஒரே டேபிள்ல இருந்து எடுக்கறது இல்ல. பேஸ் டைமிங்னு ஒண்ணு, அதுக்கு மேல நாக் கரெக்ஷன் அட்வான்ஸ்னு இன்னொரு டேபிள், அந்த ரெண்டாவதை ஐஏஎம்மால பெருக்கி பேஸோட கூட்டித்தான் ஸ்பார்க் குடுக்கும், இது போக காத்தோட சூடு, கூலன்ட் சூடுன்னு சின்னச் சின்ன திருத்தம். ஒரு செல்லுல பேஸ் 10, அட்வான்ஸ் 8, ஐஏஎம் 1ன்னா மொத்தம் 18 டிகிரி. லாக்ல உங்களுக்குத் தெரியறது இந்த மொத்த 18 மட்டும்தான். இப்போ டியூன் ஃபைல் திறக்க முடியாத ஒருத்தர், பழைய லாக்கைப் பாத்து 18னு எழுதி வெச்சுக்கிட்டு அதை புது ரோமோட பேஸ் டைமிங்ல டைப் பண்றாரு. அட்வான்ஸ் டேபிள் ஸ்டாக்ல அப்படியே 8ன்னு உக்காந்திருக்கு. மொத்தம் 26 டிகிரி. நாக் சென்சார் கேட்டு ஈசியூ டைமிங்கை இழுக்கும், ஆனா இழுக்கறதுக்கு முன்னாடியே அடி விழுந்தாச்சு. லாக்கை வெச்சு டியூனைத் திருப்பி எழுதறேன்னு யாராவது சொன்னா இந்த ஒரு கணக்கைக் காட்டுங்க. இன்னும் சில ரோம்கள்ல பேஸ் டைமிங்கே க்ரூஸுக்கு (ஒரே சீரா ஓட்டற நேரம்) ஒண்ணு, க்ரூஸ் இல்லாத நேரத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும், ஒண்ணை மட்டும் மாத்திட்டு விட்டா வண்டி ஒரு நேரம் ஒரு மாதிரி ஓடும், காரணம் தேடி அலைவீங்க.

சேந்தே போக வேண்டிய டேபிள்களும் இருக்கு. மாஃப் ஸ்கேலிங், இன்ஜெக்டர் ஃப்ளோ, இன்ஜெக்டர் லேட்டன்ஸி (திறக்க ஆகற தாமதம்) மூணும் ஒண்ணா எடுத்தாதான் அர்த்தம், ஏன்னா பல டியூனருங்க இன்ஜெக்டர்ல இருக்கற சின்னத் தப்பை மாஃப்ல சரிக்கட்டியிருப்பாங்க, ஒண்ணை மட்டும் எடுத்தா அந்த சரிக்கட்டலே தப்பா மாறிடும். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தற வேஸ்ட்கேட் ட்யூட்டியும் டர்போ டைனமிக்ஸும் அதே மாதிரிதான். பூஸ்ட் சாலினாய்ட் (வேஸ்ட்கேட்டுக்குப் போற அழுத்தத்தைக் கட்டுப்படுத்தற வால்வு) வேறன்னா இதுல எதையும் காப்பி பண்ணாதீங்க, முதல்ல இருந்து டியூன் பண்ணுங்க.

இனி மாத்தவே முடியாததுக்கு வருவோம். ஸ்டாக் ப்ரோக்ராம்ல இல்லாத வசதியை டியூனிங் கம்பெனியே கோடு எழுதி ரோம்ல சேத்திருந்தா அதோட டேபிள்கள் அந்தக் கம்பெனியோட ரோம்ல மட்டும்தான் இருக்கும். ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் (எத்தனால் கலவைக்கு ஏத்த மாதிரி மாறறது), ஸ்பீட் டென்சிட்டி (மாஃப் இல்லாம காத்தைக் கணக்குப் போடறது), மேப் ஸ்விட்சிங் (மேப்னா டியூன், அதை ஓட்டும்போதே மாத்தறது), லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ன இடத்துல இருந்து வேகமா கிளம்பறதுக்கு) எல்லாம் இந்த வகை. கோப்புல இது ஒரு மாதிரி, ஈசியூடெக்ல ரேஸ்ரோம்னு வேற மாதிரி, ஓப்பன் சோர்ஸ்ல மெர்ப்மாட்னு இன்னொரு மாதிரி. எத்தனால் சதவீதத்துக்கு ஏத்த மாதிரி டைமிங்கை கூட்டிக் குறைக்கற டியூன் ஒண்ணு உங்ககிட்ட இருந்து, போற இடத்துல அந்த வசதி வேற கணக்குல எழுதியிருந்தா, டேபிள் பேரு ஒண்ணாவே இருந்தாலும் நம்பரை அப்படியே ஒட்ட முடியாது. உள்ள நடக்கற கணக்கு வேற. 2022ல அமெரிக்க சுற்றுச்சூழல் விதிகளுக்கு ஏத்த மாதிரி கோப் தன்னோட சாஃப்ட்வேர்ல இருந்து எமிஷன் சம்பந்தப்பட்ட சில வசதிகளை எடுத்தப்போ, ஒரே கம்பெனிக்குள்ளயே பழைய மேப்புக்கும் புது வெர்ஷனுக்கும் இடையில இந்த மாதிரி இடைவெளி வந்துச்சு. அங்க ரோட்டுல ஓட்டற வண்டியில கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்யலைன்னு சொல்ற எரர் கோட் வராம அணைக்கறது க்ளீன் ஏர் சட்டத்துக்கு விரோதம், எந்த சாஃப்ட்வேர்ல பண்ணுனாலும் விரோதம்தான், அந்த டேபிளை மாத்தற லிஸ்ட்லயே சேக்காதீங்க.

சரி, உக்காந்து பண்றது எப்படி. முதல் வேலை கேல் ஐடி. ஒவ்வொரு ரோமுக்கும் எட்டெழுத்துல ஒரு அடையாளம் இருக்கும், 32 பிட் சுபாரு ரோம்ல ஹெக்ஸ் 2000ங்கற முகவரியில எழுதியிருக்கும், சாஃப்ட்வேரும் திறந்ததும் காட்டும். பழைய டியூன் எந்த கேல் ஐடி மேல பண்ணுனது, புதுசா எது மேல பண்ணப்போறீங்க, ரெண்டும் ஒண்ணுன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம், டேபிள் அளவு, ஆக்ஸிஸ், ஃபார்முலா எல்லாம் ஒத்துப்போகும், காப்பி பண்றது நேரடி வேலை. ஒரே வருஷம் ஒரே மாடல் வண்டியிலயே டீலர் அப்டேட் பண்ணியிருந்தா கேல் ஐடி மாறியிருக்கும், அதனால ஃப்ரெண்டோட வண்டியும் என் வண்டியும் ஒண்ணுதானேன்னு நம்பி இறங்காதீங்க.

அடுத்தது அக்செஸ்போர்ட்டை வண்டியில இருந்து முறையா அன்இன்ஸ்டால் பண்ணணும். அது ஒரு வண்டியோட மேரி ஆயிருக்கும், அதாவது அந்த வண்டியோட மட்டும் பிணைஞ்சிருக்கும், அன்இன்ஸ்டால் பண்ணும்போது முதல்ல எடுத்து வெச்ச ஸ்டாக் ரோமை திருப்பி எழுதி விடும். இதைப் பண்ணாம நேரா வேற கேபிளை மாட்டாதீங்க. அப்புறம் ஓப்பன்போர்ட்டை மாட்டி ஸ்டாக் ரோமைப் படிச்சு, தொடாத காப்பி ஒண்ணை பத்திரமா ரெண்டு இடத்துல வெச்சுக்கோங்க, என்ன சொதப்புனாலும் திரும்பி வர்றதுக்கு அதுதான் வழி.

இப்போ பழைய சாஃப்ட்வேர்ல ஸ்டாக்கையும் டியூனையும் ஒப்பிட்டுப் பாத்து மாறியிருக்கற டேபிள்களை மட்டும் எழுதுங்க. மாறாத டேபிளைத் தொடவே வேண்டாம். பொதுவா லிஸ்ட் பயந்த அளவுக்கு நீளமா இருக்காது, டைமிங், ஃப்யூயல், பூஸ்ட், மாஃப், இன்ஜெக்டர், த்ராட்டில், லிமிட்டுகள், இதுக்குள்ள அடங்கிடும். ஒவ்வொரு டேபிளுக்கும் ஸ்டாக் நம்பர் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் டியூன் நம்பரை ஒட்டுங்க. ஒட்டி முடிச்சு சேவ் பண்ணி மூடிட்டு, திரும்பத் திறந்து ஸ்டாக்கோட ஒப்பிட்டுப் பாருங்க, ரோம்ரெய்டர்ல ரெண்டு ரோமை ஒப்பிடற வசதி உள்ளயே இருக்கு. லிஸ்ட்ல இருக்கற டேபிள் மட்டும் மாறியிருக்கணும், ஒண்ணு கூடவும் கூடாது குறையவும் கூடாது.

செக்ஸம்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. ரோம்ல இருக்கற நம்பர்களையெல்லாம் கூட்டி ஒரு விடையை ரோமுக்குள்ளயே வெச்சிருப்பாங்க, நம்பரை மாத்துனா விடையும் மாறணும், இல்லன்னா ஈசியூ ரோம் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிடும். சுபாருவுக்கு ஈசியூஃப்ளாஷ் எழுதும்போதே இதை சரி பண்ணிடும், ஆனா ஹெக்ஸ் எடிட்டர்ல கைவெச்சுட்டு வேற எதோ டூல்ல எழுதப் போனா மாட்டிக்குவீங்க. எழுதும்போது பேட்டரிக்கு சார்ஜர் போட்டு வைங்க, லேப்டாப்பும் சார்ஜ்ல இருக்கட்டும், பாதியில கரண்ட் போனா ஈசியூவை கழட்டி எடுத்துட்டு ஓட வேண்டியிருக்கும்.

மத்த வண்டிகளுக்கும் அடிப்படை இதேதான், வார்த்தைகள்தான் வேற. ஜிஎம் எல்எஸ்1 எஞ்சின்ல எச்பி டியூனர்ஸ்ல இருந்து ஈஎஃப்ஐலைவுக்குப் போறவங்களுக்கு கேல் ஐடிக்கு பதிலா ஆப்பரேட்டிங் சிஸ்டம் நம்பர். ஈஎஃப்ஐலைவ்ல ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரு குறியீடு உண்டு, மெயின் விஈ டேபிள்னா (எஞ்சின் எவ்வளவு காத்தை நிரப்பிக்குதுங்கறது) B0101, மாஃப்னா B5001. எச்பி டியூனர்ஸ்ல அதே டேபிள்கள் மெனுவுல தலைப்பு வாரியா இருக்கும். பவர் என்ரிச்மென்ட் (முழுசா மிதிக்கும்போது கூடுதலா ஊத்தற பெட்ரோல்) ஒரு இடத்துல 1.17ன்னு மடங்காவும் இன்னொரு இடத்துல 12.56ன்னு ரேஷியோவாவும் தெரியலாம், 14.7ஐ 1.17ஆல வகுத்துப் பாருங்க, அதேதான். ரெண்டு கம்பெனியும் பூஸ்ட் வண்டிகளுக்குன்னு தனியா கஸ்டம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதியிருக்காங்க, அதுல ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு நேரா தாவ முடியாது, மேல சொன்ன அதே காரணம்தான்.

வண்டியில ஏத்துனதும் உடனே மிதிச்சுப் பாக்கற ஆசை வரும், வேண்டாம். ஃப்ளாஷ் பண்ணுனதும் ஈசியூ அதுவரைக்கும் கத்துக்கிட்டதெல்லாம் அழிஞ்சிடும், பல ரோம்கள்ல ஐஏஎம் 0.5ல இருந்துதான் ஆரம்பிக்கும். மேல பாத்த அதே செல்லுல பேஸ் 10, அட்வான்ஸ் 8ன்னா இப்போ கிடைக்கறது 14 டிகிரிதான், 18 கிடையாது. இந்த நிலையில எடுத்த லாக்கைப் பாத்து டைமிங் கம்மியா இருக்கேன்னு பேஸ்ல நாலு டிகிரி கூட்டி வெச்சா, ஐஏஎம் 1க்கு ஏறுனதும் மொத்தம் 22 ஆயிடும். முதல்ல ஐட்லிங்ல விடுங்க, அப்புறம் சாதாரணமா ஓட்டி ஃப்யூயல் லேர்னிங் அடங்கட்டும், ஐஏஎம் 1க்கு ஏறட்டும். அதுக்கப்புறம் டைனோவுலயோ மூடுன ட்ராக்லயோ மூணாவது கியர்ல முழுசா மிதிச்சு ஒரு இழுப்பு, லாக்ல டைமிங், பூஸ்ட், மாஃப், ஃபீட்பேக் நாக் (நாக் கேட்டதும் ஈசியூ உடனே குறைக்கற டைமிங்), ஃபைன் லேர்னிங், வைட்பேண்ட் (ஏர் ஃப்யூயல் ரேஷியோவை அளக்கற சென்சார்) இதெல்லாம் வேணும்.

பழைய சாஃப்ட்வேர்ல எடுத்த நல்ல லாக் ஒண்ணை மாறறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சிருக்கணும், இதைத்தான் நிறைய பேரு மறந்துட்டு அன்இன்ஸ்டால் பண்ணிட்டு முழிப்பாங்க. அதே கியர், கிட்டத்தட்ட அதே சூடு, அதே பெட்ரோல். ரெண்டு லாக்கையும் 3,000, 4,000, 5,000, 6,000 ஆர்பிஎம்ல பக்கத்துல வெச்சுப் பாருங்க. மாஃப் கிராம் ஒண்ணா இருந்து டைமிங் மட்டும் வேறயா இருந்தா டைமிங் டேபிள்லயோ அதோட திருத்தங்கள்லயோ ஒண்ணு விட்டுப்போச்சு. மாஃபே வேறன்னா முதல்ல பூஸ்ட் ஒத்துப்போகுதான்னு பாருங்க, பூஸ்ட் ஒண்ணா இருந்தும் மாஃப் வேறன்னா ஸ்கேலிங் சரியா வரல, மத்த எதையும் பாக்கறதுக்கு முன்னாடி அதைப் போய் சரி பண்ணுங்க, ஏன்னா லோடு தப்பா இருந்தா ஈசியூ ஒவ்வொரு டேபிள்லயும் தப்பான காலத்தைத்தான் படிச்சுக்கிட்டிருக்கும். ஃபீட்பேக் நாக்ல மைனஸ் 1.4 மாதிரி ஒரு தடவை வந்து போனா அது சத்தமா கூட இருக்கலாம், அதே ஆர்பிஎம்ல அதே லோடுல திரும்பத் திரும்ப வந்து ஐஏஎம்மும் 1ல இருந்து இறங்குனா காலை எடுங்க, ஸ்டாக் ரோமை ஏத்திட்டு லிஸ்ட்டை முதல் டேபிள்ல இருந்து மறுபடி சரி பாருங்க.